சாயத்துக்கு ஒரு குமிழ் வேண்டும்

உயர்தர ஆடியோ உலகில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தருவதே கருவியின் வேலை என்பது ஒரு கட்சி. காதுக்கு இதமாக இருந்தால் போதும், அளவுமானியைத் தூக்கி மூலையில் வை என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் குரல் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயம், அதாவது பதிவில் இல்லாமல் கருவி தானாகக் கூட்டும் குணம், எந்த இடத்தில் ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது, எதனால் ஏறுகிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. போட்டுப் பார்த்தால் வழக்கில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

வால்வு ஆம்பிலிருந்தே, அதாவது வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்பிளிஃபயரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இதமான ஒலி என்றதும் எல்லோரும் கைகாட்டுவது அதைத்தான். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1930களில் கொண்டுவந்த 300பி என்ற ட்ரையோடு வகை வால்வு இன்றைக்கும் இந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. ஒரு சேனலுக்கு ஒரே ஒரு 300பி வைத்து, ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழை திருத்தும் ஏற்பாடு) இல்லாமல் கட்டிய ஆம்ப் சுமார் 8 வாட் தரும். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியீட்டில் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 2 முதல் 3 ஓம் வரை இருப்பது சாதாரணம். நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்பில் இது 0.05 ஓம் அளவில் இருக்கும். இந்த ஒரு எண்ணுக்குள்தான் வால்வின் மாயத்தில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். 8 ஓம் என்று ஒட்டியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருக்காது. பாஸ் ரெசனன்ஸ் (ஸ்பீக்கர் இயல்பாகவே அதிரும் அதிர்வெண்) இருக்கும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் பகுதியில் 20 ஓமுக்கு ஏறும், 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 அல்லது 5 ஓமுக்கு இறங்கும், பாஸுக்கான வூஃபரிலிருந்து ட்ரெபிளுக்கான ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் கிராஸ்ஓவர் இருக்கும் 2,000 ஹெர்ட்ஸ் அருகே மறுபடி ஏறும். ஆம்பின் 2 ஓமும் ஸ்பீக்கரின் ஓமும் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் 3.5 டெசிபெல் இழப்பு, 20 ஓமாக இருக்கும் இடத்தில் 0.8 டெசிபெல் மட்டுமே இழப்பு. ஆக, இரண்டு இடங்களுக்கும் இடையில் 2.7 டெசிபெல் மேடு பள்ளம் விழுந்துவிடுகிறது. அதே ஸ்பீக்கரை 0.05 ஓம் ஆம்பில் மாட்டினால் வித்தியாசம் 0.1 டெசிபெல்லைக்கூட எட்டாது.

மேடு விழும் இடங்களைக் கவனியுங்கள். அடி பாஸில் ஒன்று, குரலின் மேல்பகுதி இருக்கும் இடத்தில் இன்னொன்று. ‘பாஸ் உருண்டு வருகிறது, பாடகர் ஒரு அடி முன்னால் வந்து நிற்கிறார்’ என்ற வருணனைக்கு இதைவிடப் பெரிய மர்மம் தேவையில்லை. கூடவே வூஃபரின் மீது ஆம்புக்கு இருக்கும் பிடியும் தளர்வதால், பாஸ் சட்டென்று நிற்காமல் கொஞ்சம் இழுத்து நிற்கும். ஸ்பீக்கரை மாற்றினால் மேடு பள்ளமும் இடம் மாறும். ஒரே வால்வு ஆம்பை ஒருவர் தேன் என்றும் இன்னொருவர் மந்தம் என்றும் எழுதுவதற்கு இதுவே முதல் காரணம். மின்னூட்டிய மெல்லிய படலத்தால் ஒலியெழுப்பும் எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இம்பீடன்ஸ் மேல் அதிர்வெண்களில் 2 ஓமுக்கும் கீழே சரியும். அங்கே இதே ஆம்ப் ட்ரெபிளில் 6 டெசிபெல்லைத் தின்றுவிடும்.

இதைச் சோதிக்க வால்வு ஆம்ப் வாங்க வேண்டியதில்லை. 2 ஓம், 25 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டர் இரண்டு எடுத்து, ட்ரான்சிஸ்டர் ஆம்பிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் பிளஸ் ஒயரில் தொடராக ஒன்றை இணையுங்கள். ஒலி சுமார் 2 டெசிபெல் குறையும், அதை வால்யூமில் ஈடுகட்டுங்கள். ஈடுகட்டாமல் கேட்டால் ‘உயிர் போய்விட்டது’ என்று தோன்றும், அது ரெசிஸ்டரின் குற்றமல்ல. ரெசிஸ்டர் சுடும், அதனால் திரைச்சீலை, கம்பளம் எதன்மேலும் படாமல் வையுங்கள். அரை மணி நேரம் கேட்டுவிட்டுக் கழற்றுங்கள். வால்வின் இதம் என்று சொல்லப்படுவதில் எத்தனை பங்கு இந்த 2 ஓமில் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது.

இந்த வாதத்தை ஊரறியச் செய்து காட்டியவர் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர். 1985இல் ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்பின் குணத்தைத் தன் ட்ரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவருவதாகச் சவால் ஏற்றார். இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து, வெளியீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சும் மிச்சத்தைக் கேட்டுக் கேட்டுத் தன் ஆம்பைத் திருத்தினார். மிச்சம் சுமார் 70 டெசிபெல் கீழே போனதும், அதே ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கழித்துக் கேட்கும் இந்த வித்தையை வீட்டில் முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரு ஆம்ப்களின் மைனஸ் முனையும் தரையோடு இணைந்திருந்தால் மட்டுமே இது செல்லும். பிரிட்ஜ் அமைப்பில் வேலை செய்யும் ஆம்ப்களில், குறிப்பாகப் பல டி வகுப்பு ஆம்ப்களில், மைனஸ் முனையிலும் வோல்டேஜ் ஓடும். இரண்டு மைனஸையும் சேர்த்தால் ஆம்ப் புகையும்.

மிச்சமிருப்பது டிஸ்டார்ஷன், அதாவது மூலத்தில் இல்லாத ஒலிகளைக் கருவி சேர்ப்பது. இங்கேதான் ‘இனிமை’ கட்சிக்கு உண்மையான வலு இருக்கிறது. ஒற்றை ட்ரையோடு கூட்டும் டிஸ்டார்ஷனில் பெரும்பகுதி இரண்டாம் ஹார்மோனிக், மூல அதிர்வெண்ணின் இரு மடங்கில் எழும் ஒலி. அதாவது சட்ஜம் பாடினால், மெலிதாக மேல் ஸ்தாயி சட்ஜமும் சேர்ந்து ஒலிக்கும். மூன்றாம் ஹார்மோனிக் மேல் ஸ்தாயி பஞ்சமம். ஐந்தாவது அதற்கும் மேல் ஸ்தாயியில் அந்தர காந்தாரம். இதுவரை சுருதிக்குள்ளேயே இருக்கிறோம். ஏழாவது கைசிகி நிஷாதத்துக்குப் பக்கத்தில், ஆனால் சற்றுத் தணிந்து விழும். அதன்பின் ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஏறும்போது ஸ்வரங்கள் நெருக்கியடித்துக் கரகரப்பாகும்.

காதுக்கும் ஒரு பழக்கம் உண்டு. உரத்த ஒலி தனக்கு அருகே, சற்று மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை மூடி மறைத்துவிடும். இரண்டாம் ஹார்மோனிக் அந்தப் போர்வைக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்பதாவது போர்வைக்கு வெளியே கால் நீட்டுகிறது. இதனால்தான் 1 சதவீத இரண்டாம் ஹார்மோனிக் யாரையும் தொந்தரவு செய்யாதபோது, அதில் பத்தில் ஒரு பங்கு உயர்வரிசை டிஸ்டார்ஷன் எரிச்சலூட்ட முடிகிறது. பிபிசியின் ஷார்ட்டர் 1950லேயே, ஹார்மோனிக்குகளைச் சமமாகக் கூட்டாமல் வரிசை எண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்து வரும் எடையைக் கொடுத்துக் கூட்ட வேண்டும் என்றார். அந்தக் கணக்கில் இரண்டாவதற்கு எடை 1, எட்டாவதற்கு 16. தொழிற்துறை அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்றும் விவரப்பட்டியலில் இருப்பது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய டிஎச்டி (மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்) எண்தான், அதுவும் பெரும்பாலும் முழு வாட்டுக்கு அருகே அளந்தது. வீட்டில் நாம் கேட்பதோ பெரும்பாலும் 1 வாட்டுக்குள். சிக்னலின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் இரண்டு ட்ரான்சிஸ்டர்கள் பங்கிடும் ஏபி வகுப்பு ஆம்பில், ஓய்வுநிலை மின்னோட்டத்தை (பயஸ்) சரியாக வைக்காவிட்டால், சிக்னல் பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் விழும் முறிவு, ஒலி தணியத் தணிய விகிதத்தில் பெரிதாகும். உயர்வரிசை ஹார்மோனிக்குகளின் ஊற்றே அதுதான். ஆம்ப் வாங்குபவர் 100 வாட்டில் வரும் டிஎச்டியை விட்டுவிட்டு, 1 வாட்டில் எடுத்த ஸ்பெக்ட்ரம் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ‘இரண்டாம் ஹார்மோனிக் இசைக்கு உகந்தது’ என்ற வாசகம் ஒற்றை ஸ்வரத்துக்குத்தான் பொருந்தும். சிக்னலை வளைக்கும் அதே வளைவு, இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து வந்தால் அவற்றின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் புதிய ஒலிகளாகப் பிறப்பிக்கும். இவை ஒவ்வொன்றும் ஹார்மோனிக்கைப் போல இரு மடங்கு பெரியவை. 440, 550 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சேர்த்துக் கொடுத்தால் 880, 1,100 ஆகியவற்றோடு 110, 990 ஆகியவையும் வரும். இந்த எடுத்துக்காட்டில் 110 இரண்டு ஸ்தாயி கீழே அதே சட்ஜமாக விழுவதால் தப்பித்தோம். 400, 570 என்று எடுத்தால் வித்தியாசம் 170. அது யாருக்கும் உறவில்லாத ஒலி. நாற்பது வயலினும் ஒரு பாடகர் குழுவும் சேர்ந்து முழங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான அநாதை ஒலிகள் பிறந்து, சேறு மாதிரி அடியில் தங்கும். ஒற்றைக் குரலும் கிட்டாரும் மட்டும் ஒலிக்கும் பதிவில் மயக்கும் ஆம்ப், பெரிய இசைக்குழுவில் திணறுவதற்கு வாட் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல. கடைகளில் செய்துகாட்டும்போது ஏன் எப்போதும் தனிக்குரலையே போடுகிறார்கள் என்றும் யோசிக்கலாம்.

இரண்டாம் ஹார்மோனிக் பற்றி இன்னொரு சின்ன விஷயம். ஸ்பீக்கர்களும் தம் பங்குக்கு இரண்டாம் ஹார்மோனிக்கைப் பிறப்பிக்கின்றன, அடி பாஸில் ஆம்பைவிடத் தாராளமாகவே. ஆம்ப் தருவதும் ஸ்பீக்கர் தருவதும் ஒரே திசையில் இருந்தால் கூடும், எதிர்த் திசையில் இருந்தால் ஓரளவு ஒன்றையொன்று அழிக்கும். ஒற்றை ட்ரையோடு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இரண்டு ஸ்பீக்கர்களிலும் பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டு ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். இரண்டிலும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் பாஸ் காணாமல் போகும்.

இனி ‘துல்லியம்’ கட்சியின் பக்கம். அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, எதற்குத் துல்லியம் என்பது. மூல இசைக்கா? அது நடந்த அறையில் நாம் இல்லை. பதிவுக்கு என்றால், அந்தப் பதிவை ஒருவர் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் கேட்டுத்தான் சமன் செய்திருக்கிறார். யமஹா என்எஸ்-10 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்து, அங்கே எடுபடாமல், ஸ்டுடியோக்களில் குடியேறியது. வெள்ளைக் கூம்பு, குறைவான பாஸ், 2,000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் மேடு. ட்வீட்டர் கூச்சமாக இருக்கிறது என்று அதன்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்த பொறியாளர்கள் ஏராளம். மானிட்டரில் (ஸ்டுடியோ ஸ்பீக்கரில்) மேடு இருந்தால் பதிவில் அந்த இடம் குழியாகும், பாஸ் குறைந்திருந்தால் பதிவில் பாஸ் கூடிவிடும். ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்டு டூல் இதைக் குழப்பத்தின் வட்டம் என்கிறார். ஸ்பீக்கரைப் பதிவை வைத்து மதிப்பிடுகிறோம், பதிவையோ இன்னொரு ஸ்பீக்கரை வைத்துச் செய்கிறோம். முழுத் துல்லியமான ஒலியமைப்பு இந்தக் கோணல்களையும் துல்லியமாகவே தரும்.

ஆனாலும் துல்லியத்தை விட்டுவிட இது காரணமாகாது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும், பின்னர் ஆடியோ நிறுவனமான ஹார்மனிலும் டூலும் ஷான் ஆலிவும் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்து நடத்திய சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது ஒன்றுதான். பெயரும் தோற்றமும் தெரியாதபோது பெரும்பாலானோர் விரும்புவது, நேர் முன்னால் தட்டையாகவும் பக்கவாட்டில் சீராகச் சரிவதாகவும் ஒலிக்கும் ஸ்பீக்கரைத்தான். ‘எனக்கு இதமான சாயம் பிடிக்கும்’ என்பவரின் காதும் கண்ணை மூடினால் சாயமற்றதற்கே ஓட்டுப் போடுகிறது. ஸ்பீக்கரைப் பொறுத்தவரை துல்லியமும் இனிமையும் ஒரே பக்கம். பாஸ், ட்ரெபிள் அளவில் மட்டும்தான் ரசனை பிரிகிறது. பழகாத காதுகள் இரண்டிலும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கின்றன, பயிற்சி பெற்றவை குறைவாகக் கேட்கின்றன. சிடிஏ-2034 தரப்படி எடுத்த அளவீட்டுப் படங்கள் இப்போது பல ஸ்பீக்கர்களுக்குக் கிடைக்கின்றன. கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 பாகைக்கு ஒன்றாக 70 இடங்களில் எடுத்தவை. முதலில் முன்பக்கக் கோட்டைப் பாருங்கள், அடுத்துப் பக்கவாட்டுக் கோடுகளும் அதே வடிவில் சரிகின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் தட்டையாக இருந்து, பக்கவாட்டில் 2,000 ஹெர்ட்ஸ் அருகே புடைத்திருந்தால் அந்த ஸ்பீக்கரை எந்த ஈக்வலைஸரும் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி) காப்பாற்றாது. நேரொலியைச் சரிசெய்தால் எதிரொலி கெடும், எதிரொலியைச் சரிசெய்தால் நேரொலி கெடும்.

சாயத்தைத் தெரிந்தே வைத்த வடிவமைப்புகளும் உண்டு. பிபிசி 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஐந்து லிட்டர் பெட்டி. ஆழமான பாஸ் அதில் வரவே வராது. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இருக்கும் மெல்லிய மேடு, இல்லாத பாஸ் இருப்பதுபோலக் காதை நம்பவைக்கும். இது கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அதே மேடு பீப்பாய்க்குள் பேசுவதுபோல ஆகிவிடும். பெட்டிக்குள் பூட்டிய சாயத்துக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. அதைக் குறைக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது.

இசைத்தட்டுக்காரர்கள் அறியாமலே ஏற்றும் சாயம் ஒன்று உண்டு. ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜில் சுருளின் இண்டக்டன்ஸ் சுமார் 500 மில்லிஹென்றி. அதனோடு கேபிள், ஆம்பில் இசைத்தட்டுக்கான ஃபோனோ உள்ளீடு இரண்டின் கெபாசிட்டன்ஸ் சேர்ந்து ஒரு ரெசனன்ஸை உண்டாக்கும். மொத்தம் 200 பிகோஃபாரட் என்றால் அது 16,000 ஹெர்ட்ஸ் அருகே விழும். 400 ஆனால் 11,000க்கு இறங்கும், அதற்குமுன் ஒரு மேடு, அதைத் தாண்டியதும் செங்குத்தான சரிவு. கேபிள் ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்பது வழக்கமான அளவு. ஆகவே கேபிளை மாற்றியதும் ட்ரெபிள் மாறியது என்று சொல்பவர் இந்த ஒரு இடத்தில் பொய் சொல்லவில்லை. கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் குறிப்பிடும் மொத்த அளவிலிருந்து டோன்ஆர்ம் ஒயரையும் கேபிளையும் கழித்து, மிச்சத்தை ஃபோனோ ஆம்பில் தேர்ந்தெடுங்கள். ஓவர்சாம்ப்ளிங் (மாதிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது) இல்லாத டேக்குகளின், அதாவது டிஜிட்டலை அனலாகாக மாற்றும் கருவிகளின், ‘அனலாக் மென்மை’யிலும் இப்படி ஒரு எளிய கணக்கு உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அவை 20,000 ஹெர்ட்ஸில் 3.2 டெசிபெல் தாழ்ந்திருக்கும்.

ஆக, என் தரப்பு இதுதான். சாயம் பாவமல்ல, ஆனால் அதற்கு ஒரு குமிழ் வேண்டும். ஆம்பும் டேக்கும் ஸ்பீக்கரும் வெள்ளைத் துணியாக இருக்கட்டும், சாயத்தை ஒரே இடத்தில், அளந்து, நினைத்தால் அலசிவிடும்படி ஏற்றுவோம். பதிவுக்குப் பதிவு கோணல் மாறும்போது நிலையான சாயம் பாதிக்குத்தான் பொருந்தும். துல்லியம் கட்சியின் பெரியவர் பீட்டர் வாக்கருக்கு இது தெரிந்திருந்தது. மூல ஒலிக்கு ஆக நெருக்கமானது என்பதையே விளம்பர வாசகமாக வைத்திருந்த அவருடைய குவாட் நிறுவனம், ஆம்புக்கு முன்னால் நின்று ஒலியளவைக் கட்டுப்படுத்தும் தன் 44, 34 ப்ரீஆம்ப்களில் ‘டில்ட்’ என்று ஒரு குமிழ் வைத்தது. திருப்பினால் முழு ஒலியும் தராசுத் தட்டுபோல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். சுத்தத்தின் பெயரால் மற்ற பல நிறுவனங்கள் டோன் குமிழ்களையே பிடுங்கி எறிந்தன. பிறகு அதே வாடிக்கையாளர்கள் ட்ரெபிளைத் தணிக்கக் கேபிள் தேடி அலைந்தார்கள்.

செய்முறைக்கு வருவோம். சாயம் ஏற்றுவதற்குமுன் அறை ஏற்றியிருக்கும் கறையைத் துவைக்க வேண்டும். யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக், ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச மென்பொருள் இரண்டும் போதும். மைக்கைக் கூரை பார்த்து நிறுத்தினால் 90 பாகை அளவுத்திருத்தக் கோப்பைப் போடுங்கள், ஸ்பீக்கரைப் பார்த்து நீட்டினால் 0 பாகைக் கோப்பு. காது இருக்கும் இடத்தைச் சுற்றி 60 சென்டிமீட்டருக்குள் ஆறேழு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸிலும் 86 ஹெர்ட்ஸிலும் மேடு எழ வாய்ப்பு அதிகம். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மேடுகளை மட்டும் வெட்டுங்கள். பள்ளங்களை நிரப்பாதீர்கள். 10 டெசிபெல் ஏற்றுவது என்றால் பத்து மடங்கு வாட், அறையோ அதையும் அப்படியே அழித்துவிடும். ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால் 107 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். அதற்கு மருந்து ஸ்பீக்கரை நகர்த்துவது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, உட்காரும் இடத்தில் அளந்த கோட்டை 20,000 வரை இழுத்துத் தட்டையாக்குவது. தட்டையான ஸ்பீக்கர்கூட அறையில் ஸ்தாயிக்குச் சுமார் 1 டெசிபெல் என்று சரிந்துகொண்டேதான் போகும், ஏனென்றால் பக்கவாட்டில் போகும் ட்ரெபிள் குறைவு. அந்தச் சரிவை நிமிர்த்தினால் ஒலி மெலிந்து பல்லைக் கூசவைக்கும். பழி அளவீட்டின்மேல் விழும்.

பிறகு சாயம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு லோ ஷெல்ஃப் (கீழ்ப்பகுதி முழுவதையும் சேர்த்துத் தூக்கும் ஏற்றம்), 2 முதல் 4 டெசிபெல். பதிவு கூர்மையாகக் குத்தினால் 3,000 ஹெர்ட்ஸ் மையமாக, க்யூ (அகலத்தைக் குறிக்கும் எண்) 0.7 வைத்து, 1.5 டெசிபெல் இறக்கம். குரலுக்குச் சதை வேண்டுமென்றால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் 1 டெசிபெல். அகலமான மாற்றங்களில் 1 டெசிபெல்லே காதுக்கு நன்றாகத் தெரியும், ஆகவே கையை அடக்கி வையுங்கள். வால்வின் ஹார்மோனிக் வேண்டும் என்பவர்கள் மென்பொருள் ப்ளக்இன் வழியே இரண்டாம் ஹார்மோனிக்கை மட்டும் 0.5 சதவீதத்தில், அதாவது மூல ஒலிக்கு 46 டெசிபெல் கீழே, தொடங்கலாம். தனிக்குரலுக்கு ஒரு அமைப்பு, பெரிய குழுவுக்கு ஹார்மோனிக் இல்லாத இன்னொரு அமைப்பு என்று இரண்டாகச் சேமித்துக்கொள்வது நல்லது. எந்தப் புள்ளியிலாவது 4 டெசிபெல் ஏற்றினால் ஈக்வலைஸரின் ப்ரீஆம்பை (அதன் மொத்த ஒலியளவை) குறைந்தது 4 டெசிபெல் இறக்குங்கள். மறந்தால் உரத்த இடங்களில் டிஜிட்டல் கிளிப்பிங் (அலையின் உச்சி வெட்டுப்படுவது) வரும். அது எந்த ஸ்வரத்துக்கும் உறவில்லாத சாயம்.

இனி ஒப்பிடுவது. இரண்டு ஒலிகளில் கொஞ்சம் உரத்தது எப்போதும் நல்லதாகக் கேட்கும், கால் டெசிபெல் போதும். இரண்டு ட்ரான்சிஸ்டர் ஆம்ப்களை ஒப்பிட 300 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, இரண்டையும் 1 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். அது 0.1 டெசிபெல்லுக்குள் இருக்கும். 1,000 ஹெர்ட்ஸில் வேண்டாம், சாதாரண மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் தவறாகக் காட்டும். வால்வு ஆம்ப் ஒரு பக்கம் இருந்தால் ஒரே அதிர்வெண்ணை நம்ப முடியாது, மேலே பார்த்த மேடு பள்ளம் குறுக்கே வரும். அங்கே பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயிகளும் சம அளவில் கலந்த இரைச்சல்) போட்டு மைக்கால் அளக்க வேண்டும்.

ஈக்வலைஸரின் மாற்றங்களை மொத்தமாக விலக்கும் பைபாஸ் பொத்தானும் இதே வலைதான். ப்ரீஆம்பை 4 டெசிபெல் இறக்கி வைத்திருக்கிறீர்கள், பைபாஸை அழுத்தியதும் ஒலி திடீரென்று உரக்க வரும். ‘சாயமில்லாததே தெளிவாக இருக்கிறது’ என்று துல்லியக் கட்சிக்கு ஒரு ஆள் கூடிவிடுவார். ஷெல்ஃபும் மற்ற ஏற்ற இறக்கங்களும் இல்லாமல் ப்ரீஆம்ப் இறக்கம் மட்டும் உள்ள மூன்றாவது அமைப்பு ஒன்றைச் சேமித்து, பிங்க் நாய்ஸில் இரண்டும் ஒரே அளவு காட்டும்வரை திருத்தி, பைபாஸுக்குப் பதிலாக அதோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது ஓடுகிறது என்று திரையில் தெரியாதபடி வேறொருவர் மாற்றித் தந்தால் இன்னும் நல்லது.